சிறு வணிகத்தில் விடாமுயற்சியும் பொறுமையும்

“முயற்சியாளர் ஒருவரிடம் இருக்க வேண்டிய பண்புகளைக் குறிப்பிடுக” என்ற வினாவுக்கு மாணவர்கள் பலர் விடாமுயற்சி, பொறுமை ஆகிய இரண்டையும் தவறாது எழுதுவர். ஆனால் “உதாரணம் தந்து விளக்குக” என்று கேட்டால் பேனா நின்றுவிடும். இப்பண்புகள் வணிகத்தில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை விளங்கிக்கொண்டால் இவ்வகை வினாக்களுக்கு இலகுவாக விடையளிக்கலாம். பரீட்சைக்கு அப்பாலும் இது பயன்படும். வீட்டு நகையை அடகு வைத்துத் தொடங்கிய சிறு தொழில் சில மாதங்களில் நின்றுபோனால் “கைராசி இல்லை” என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் உண்மைக் காரணம் கணக்கில் இருக்கிறது.

1. வரைவிலக்கணம்

விடாமுயற்சி: தடை ஏற்படும்போது குறிக்கோளைக் கைவிடாது, தடைக்கான காரணத்தைக் கண்டறிந்து வேறு வழியில் மீண்டும் முயலுதல்.

பொறுமை: பயன் கிடைக்கும் வரையுள்ள காலத்தில் வணிகம் நின்றுபோகாதவாறு அதனைத் தாங்கி நடத்துதல்.

கவனிக்க: ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வது விடாமுயற்சி ஆகாது. எதுவும் செய்யாமல் காத்திருப்பது பொறுமை ஆகாது.

2. உதாரணம்: லிஜ்ஜத் அப்பளம்

1959 மார்ச் 15 ஆம் திகதி இந்தியாவின் மும்பை நகரில், கிர்காம் பகுதியிலுள்ள ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் தயாரித்தனர். அவர்களிடம் உயர்கல்வியோ வணிக அனுபவமோ இருக்கவில்லை. அப்பளம் இடும் கைப்பழக்கம் மட்டும் இருந்தது. மூலதனம் 80 ரூபா. அதுவும் சகன்லால் பாரேக் என்னும் சமூக சேவையாளரிடம் பெற்ற கடன். முதல் நாள் உற்பத்தி நான்கு பைக்கற்றுகள். அவற்றைத் தெரிந்த வியாபாரி ஒருவருக்கு விற்றனர். நட்டம் வந்தாலும் நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டனர்.

முதல் ஆண்டிலேயே பெரிய தடை வந்தது. அப்பளம் வெயிலில் உலர வேண்டிய பொருள். மும்பையில் மழைக்காலம் நீண்டது. அதனால் ஏறத்தாழ நான்கு மாதங்கள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அவ்வாண்டின் மொத்த விற்பனை ரூ. 6,196 மட்டுமே. அடுத்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னர் அவர்கள் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். அப்பளங்களைக் கட்டிலின் மேல் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். மழையிலும் உற்பத்தி தொடர்ந்தது.

அடுத்த சிக்கல் இடநெருக்கடி. மூன்றாம் ஆண்டு முடிவில் உறுப்பினர் தொகை 300 ஐத் தாண்டியது. மொட்டை மாடி போதவில்லை. எனவே பிசைந்த மாவை உறுப்பினர்களிடம் கொடுத்து, அவரவர் வீட்டில் அப்பளம் இட்டுத் திருப்பிக் கொண்டுவரும் முறையை ஏற்படுத்தினர். இதனால் கட்டடச் செலவின்றி உற்பத்தி பெருகியது. வீட்டை விட்டு வெளியே வேலைக்குச் செல்ல முடியாத பெண்களுக்கும் வருமானம் கிடைத்தது.

அவர்களின் எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 1961 இல் மும்பையின் புறநகரான மலாடில் ஒரு கிளையைத் தொடங்க எடுத்த முயற்சி தோல்வியடைந்தது. மகாராட்டிர மாநிலத்துக்கு வெளியே முதலாவது கிளை 1968 இல் குஜராத்தின் வாலோட் என்னும் ஊரில் அமைந்தது. பிற்காலத்தில் 40,000 இற்கும் மேற்பட்ட பெண்கள் இந்த அமைப்பில் இணைந்தனர். தொடக்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021 இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

3. பொறுமைக்கும் கணக்கு உண்டு

பொறுமையாக இருக்க விரும்பினாலும் கையில் காசு இல்லாவிட்டால் பொறுத்திருக்க முடியாது. கற்பனையான பின்வரும் உதாரணத்தைக் கவனியுங்கள்.

ஒருவர் ரூ. 10,000 மூலதனத்துடன் மிக்சர் தயாரித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்.

• ஒரு நாள் உற்பத்திச் செலவு: ரூ. 1,000
• ஒரு நாள் விற்பனை: ரூ. 1,300
• கடைகள் பணம் தருவது: 14 நாட்களின் பின்னர்

நாளொன்றுக்கு ரூ. 300 இலாபம். ஆனால் முதல் நாள் கொடுத்த பொருளுக்கான பணம் 15 ஆம் நாளே கைக்கு வரும். அதுவரை செலவுக்கு 14 × 1,000 = ரூ. 14,000 வேண்டும். அவரிடம் இருப்பது ரூ. 10,000. எனவே 10 ஆம் நாளுடன் காசு முடிந்துவிடும். கடைகளிடமிருந்து ரூ. 13,000 வரவேண்டியிருந்தும் 11 ஆம் நாள் கடலை மா வாங்கக் காசு இராது. இலாபம் உள்ள வணிகமே இவ்வாறு நின்றுபோகலாம்.

அவர் நாளொன்றுக்கு ரூ. 700 செலவில் தொடங்கியிருந்தால் 14 நாட்களுக்கு ரூ. 9,800 போதும். 15 ஆம் நாள் முதல் நாளாந்தம் ரூ. 910 வரும். அன்றன்றைய செலவு போக மீதி ரூ. 210 ஐச் சேர்த்து உற்பத்தியைப் படிப்படியாகக் கூட்டலாம். இதுவே பொறுமையின் நடைமுறைப் பொருள். சிறிதாகத் தொடங்குவது பயத்தினால் அல்ல, தொழிற்படு மூலதனத்தை அறிந்து செய்யும் திட்டமிடலினால் ஆகும்.

4. விடாமுயற்சியும் பிடிவாதமும்

எப்போது தொடர்வது, எப்போது மாற்றுவது என்பதைப் பின்வரும் வினாக்கள் மூலம் தீர்மானிக்கலாம்.

(அ) ஒருமுறை வாங்கியவர் மீண்டும் வாங்குகிறாரா? ஆம் எனில் பொருளில் குறையில்லை. காசு, இடம், காலநிலை போன்ற தடைகளை நீக்கித் தொடரலாம்.

(ஆ) ஒவ்வோர் அலகும் செலவை விடக் கூடிய விலைக்கு விற்கப்படுகிறதா? இல்லை எனில் அதிகம் விற்க விற்க நட்டமும் கூடும். செலவை அல்லது விலையை மாற்றாமல் பொறுத்திருப்பதில் பயனில்லை.

(இ) தடைக்கான காரணம் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் நாளாந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு எழுதாதவருக்குத் தமது தோல்வியின் காரணம் தெரியாது.

லிஜ்ஜத் பெண்கள் மலாடில் தோற்றபோதும் அப்பளத் தொழிலைக் கைவிடவில்லை. குறிக்கோளில் உறுதியும் வழிமுறையில் நெகிழ்வும் இருத்தல் வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

5. மாதிரி வினாக்களும் விடைக்குறிப்புகளும்

(i) லிஜ்ஜத் பெண்கள் எதிர்நோக்கிய இரு தடைகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் தருக.
விடை: மழையால் உலர்த்த முடியாமை – கட்டிலும் அடுப்பும். இடநெருக்கடி – வீடுகளில் உற்பத்தி.

(ii) இலாபம் உழைக்கும் வணிகமும் காசின்றி நின்றுபோகலாம். காரணம் தருக.
விடை: விற்பனைப் பணம் வருவதற்கு முன்னரே செலவு செய்ய வேண்டியிருத்தல். தொழிற்படு மூலதனம் போதாமை.

(iii) மிக்சர் உற்பத்தியாளர் நாளொன்றுக்கு ரூ. 1,000 செலவில் தொடர வேண்டுமாயின் கடைகள் அதிகபட்சம் எத்தனை நாட்களின் பின்னர் பணம் தரலாம்?
விடை: 10,000 ÷ 1,000 = 10 நாட்கள்.

பண்புகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை, ஒரு நடவடிக்கை, ஒரு பயன் என மூன்றையும் சேர்த்து எழுதப் பழகுங்கள். வெறும் சொல் விளக்கமாகாது.