வேலியும் பயிரும்
(கார் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் குறித்து ஒரு விளக்கம்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஒரு காலத்தில் நம் நாட்டில் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் என்றால், இன்றைய மாணவருக்கு வியப்பாக இருக்கும். இறக்குமதிக் கட்டுப்பாடும் உற்பத்தி உரிம முறையும் சேர்ந்து உண்டாக்கிய நிலை அது. அக்கட்டுப்பாடு ஏன் வந்தது, என்ன செய்தது என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் அவ்வாறே செய்தது. பாகங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் வந்தன. இங்கே நடந்தது பூட்டும் வேலை மட்டுமே. விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணி அரிதாக இருந்தது. 1949இல் முழுக் கார்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1953இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யத் திட்டம் உள்ளவர்களே தொழிலில் நீடிக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின.

எஞ்சியவர்கள் பாகங்களுக்கு உள்நாட்டிலேயே ஆள் தேட வேண்டியதாயிற்று. சென்னையைச் சுற்றி இதன் விளைவைக் காணலாம். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை 1960களின் தொடக்கத்தில் எழுந்தன. சக்கரம், டைனமோ, பிரேக் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலை உண்டாயிற்று.

கட்டுப்பாடு என்றால் வரி மட்டும் அன்று. அடியோடு தடை, அளவு வரம்பு, உரிமம், சுங்கவரி, உள்நாட்டுப் பாகங்கள் இத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை எனப் பல வகை உண்டு. இவற்றுள் வரியின் வேலை பார்வைக்கு எளிது; கணக்கிட்டால்தான் உண்மை புரியும். ஒரு காரின் உலக விலை 100 ரூபாய் என்று கொள்வோம். அதில் பாகங்கள் 70, பூட்டும் வேலை 30. முழுக் காருக்கு 60 சதவீத வரி விதித்தால் வெளிநாட்டுக் கார் இங்கே 160 ரூபாய். பாகங்களுக்கு வரி 10 சதவீதம் என்றால் அவை 77 ரூபாய்க்கு வந்துவிடும். உள்நாட்டில் பூட்டுபவர் 160 வரை விற்கலாம். அவர் கையில் 83 நிற்கும். 30 ரூபாய் வேலைக்கு 83! பெயரளவில் 60 சதவீதமான பாதுகாப்பு, உண்மையில் ஏறத்தாழ 177 சதவீதம். ஒரு பாகமும் செய்யாமல் பூட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்னும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. உள்நாட்டுப் பாக நிபந்தனையை அரசு சேர்ப்பதும் இதனால்தான்.

என் அண்ணன் கார்ப் பாகம் கடையும் சிறு பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறார். அவர் கூலியில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் கல்லூரிக்கு வந்தேன். வரி குறைந்து கார் விலை இறங்கும் என்று செய்தி வந்தால், "முழுக் காருக்கா, பாகத்துக்கா?" என்றே அவர் கேட்பார். பொருளாதாரம் படிக்காத அவர், மேற்கண்ட கணக்கின் கருவைப் பிடித்துவிடுகிறார். பாகங்களின் வரி மட்டும் குறைந்தால் பூட்டுபவருக்கு லாபம்; கடைபவருக்கு நட்டம்.

இனி மறுபக்கம். போட்டி இல்லாததால் தரம் தேங்கியது. 1957இல் வந்த அம்பாசடர், தோற்றத்தில் பெரிய மாற்றமின்றி 2014 வரை உற்பத்தியாயிற்று. அந்த விலையைக் கொடுத்தவர், காத்திருந்து வாங்கிய குடிமகன். 1983இல் மாருதி வந்த பிறகே போட்டி என்றால் என்னவென்று தெரிந்தது. அதுவும் ஜப்பானியப் பாகங்களைக் கொண்டு தொடங்கி, படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியது. 1950களில் ஊன்றிய பாகத் தொழில் அப்போது கைகொடுத்தது.

1993இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றாயிற்று. 1997இல் அரசு புதிய நிபந்தனை விதித்தது: மூன்றாம் ஆண்டுக்குள் 50 சதவீதமும் ஐந்தாம் ஆண்டுக்குள் 70 சதவீதமும் உள்நாட்டுப் பாகங்கள் வேண்டும், பாக இறக்குமதிக்கு ஈடாக ஏற்றுமதியும் வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய சமூகமும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின. 2001இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது; 2002க்குள் நிபந்தனைகள் விலக்கப்பட்டன. அதற்குள் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது.

இளம் பயிருக்கு வேலி வேண்டும், இதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலிக்குள் இருப்பவன் உழுகிறானா, உறங்குகிறானா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். 1953இல் பாகங்களைச் செய் என்று அரசு கட்டளையிட்டது, அது பலித்தது. நல்ல காரைச் செய் என்று கட்டளையிட யாரும் இல்லை, போட்டியும் இல்லை. ஆகவே பாதுகாப்பு தரும்போதே அதன் முடிவு நாளையும், பெறுபவரின் கடமையையும் எழுதிவிட வேண்டும் என்பதே என் கருத்து. பொருளியல் துறை நண்பர்கள் இதை மறுத்து எழுதினால் மகிழ்வேன்.