தொட்டிச் செடிக்குத் தாகம் எப்போது?

அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்குத் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஜன்னல் ஓரத்து நான்கைந்து தொட்டிகள்தாம். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் மாடிப்படி நெடுகிலும் அவற்றைக் காணலாம். ஊரிலிருந்து பையில் வைத்துக் கொண்டுவந்த துளசி, மாமியார் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று, யாரோ கிள்ளிக் கொடுத்த மணி பிளாண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கடையில் மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாத செடிகள் இவை. ஆனால் வீட்டுக்குள் வளரும் செடிகளில் பல தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் அதிகமாகிச் சாவதே மிகுதி.

காரணம் எளிது. வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணின் துளைகள் முழுவதும் நீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சுத் திணறும். பிறகு பூஞ்சை பற்றி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரம் சொட்டும் மண்ணிலேயே இலை வாடித் தொங்கும். பார்ப்பவர் "ஐயோ, தாகம்!" என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே மழைக்காலத்தில் வீட்டுக்குள் மண் காய்வதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகிறது. சென்னையிலோ மதுரையிலோ பழகிய கையோடு தினமும் ஊற்றினால் செடி தாங்காது.

தண்ணீரின் அருமையும் நமக்குத் தெரியாததல்ல. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி டேங்கர் லாரிக்குக் காத்திருந்தோமே, அப்போது குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குக் காய்ச்சலைக் கொள்ளைநோயாக அறிவித்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடங்களில் ஒன்று, தொட்டிக்குக் கீழே நாம் வைக்கும் தட்டில் தேங்கிய நீர். அளவறிந்து ஊற்றுவதில் செடியின் நலம் மட்டுமின்றி வீட்டாரின் நலமும் இருக்கிறது.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பதும், தொட்டியைத் தூக்கி எடை பார்ப்பதும் நம் பெரியவர்கள் அறிந்த முறைகள். இரண்டும் நல்ல முறைகளே. ஆனால் இப்போது நர்சரிகளில் மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க் கழிவையே மிகுதியாக நிரப்பிக் கொடுக்கிறார்கள். அது மேலே காய்ந்து பொருக்காக இருக்கும். அடியில் பிழிந்தால் நீர் வரும். விரல் அங்கே ஏமாந்துபோகும். அடி மண்ணின் செய்தியை மேலே கொண்டுவர ஒரு கருவி வேண்டும்.

இப்படி ஒரு கருவியைக் கரும்பு விவசாயிகளுக்காகக் கோயம்புத்தூரில் உருவாக்கியிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. 1912ல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவி அது. கம்பிகளை நிலத்தில் ஊன்றினால் நீல விளக்கு, பச்சை விளக்கு, ஆரஞ்சு விளக்கு, சிவப்பு விளக்கு என்று ஈரத்துக்கு ஏற்ப எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம். சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். எழுத்துக்கூட்டி எதையும் படிக்க வேண்டியதில்லை. அதன் அடிப்படைத் தத்துவத்தை வைத்துத் தொட்டிக்கு ஏற்ற சிறு கருவி ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

ஈரமான மண் மின்சாரத்தை ஓரளவு கடத்தும். காய்ந்த மண் தடுக்கும். இதுதான் தத்துவம். துருப்பிடிக்காத எஃகினாலான பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிகள் இரண்டை எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் மூடியில் செருகினேன். கம்பியின் நுனியில் மூன்று சென்டிமீட்டர் தவிர மேலே உள்ள பகுதி முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட வேண்டும். இல்லையேல் மேல்மண்ணின் ஈரமும் அடிமண்ணின் ஈரமும் கலந்து பேசும். செம்புக் கம்பி வேண்டாம். அரித்து மண்ணில் கலக்கும், அது வேருக்கு நல்லதல்ல.

மற்றப் பொருள்கள் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஏதாவது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும்: பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று, எல்.இ.டி. ஒன்று, 470 ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 10 கிலோ ஓம் பிரிசெட் ஒன்று, அழுத்தும் சுவிட்ச், 9 வோல்ட் பாட்டரி. பாட்டரியின் நேர்முனையிலிருந்து சுவிட்ச் வழியாக வரும் மின்சாரம் இரண்டாகப் பிரியட்டும். ஒரு கிளை 470 ஓம், எல்.இ.டி. வழியாக டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குப் போகும். மற்றது முதல் கம்பிக்குப் போய், மண்ணைக் கடந்து, இரண்டாம் கம்பியில் ஏறி, 1 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு வரும். எமிட்டர் பாட்டரியின் எதிர்முனைக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே பிரிசெட். மண்ணில் ஈரம் இருந்தால் விளக்கு எரியும், காய்ந்தால் அணையும். எந்த அளவு காய்ந்தால் அணைய வேண்டும் என்பதைப் பிரிசெட்டைத் திருகி நாம் முடிவு செய்கிறோம்.

விளக்கு அணைந்திருப்பதற்குப் பாட்டரி தீர்ந்ததும் காரணமாக இருக்கலாம் அல்லவா? ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் இரண்டு கம்பிகளையும் ஒரு ஸ்பூனால் தொட்டு இணைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அழுத்தும் சுவிட்ச் வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரே திசையில் இடைவிடாது மின்சாரம் ஓடினால் மின்பகுப்பு நடந்து கம்பி அரிக்கும், அளவும் மாறிக்கொண்டே போகும். இரண்டு வினாடி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுவது போதும்.

அளவு பொருத்துவதுதான் பொறுமை வேண்டிய வேலை. தொட்டிக்கு நிறைய ஊற்றி, நீர் வடிந்தபின் சமையலறைத் தராசில் எடை குறித்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் எடை பாருங்கள். வேர்மட்டத்தில் ஒரு குச்சியைச் செருகி எடுத்தால் மண் ஒட்டாமல் வரும் நாளில், விளக்கு சரியாக அணையும்படி பிரிசெட்டைத் திருகி வையுங்கள். அன்றைய எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் கருவியின்மேல் சந்தேகம் வந்தால் தராசு சாட்சி சொல்லும். ஒரு தொட்டிக்குப் பொருத்தியது வேறு மண் நிரப்பிய தொட்டிக்குப் பொருந்தாது.

இன்னொரு சிக்கல் உப்பு. காவேரித் தண்ணீர் ஊற்றிய தொட்டியும் ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றிய தொட்டியும் ஒரே ஈரத்தில் ஒரே மாதிரி காட்டுவதில்லை. உப்பு கூடினால் மின்சாரம் எளிதாக ஓடும். காய்ந்த மண்ணும் ஈரம்போல் நடிக்கும். உரம் போட்ட வாரத்திலும் இப்படித்தான்.

இதற்கு மாற்றாக 1940ல் அமெரிக்காவில் பூயூகோஸ், மிக் என்ற இருவர் ஜிப்சம் கட்டி முறையைக் கொண்டுவந்தனர். கம்பி நுனிகளை ஜிப்சத்தில் பதித்து மண்ணில் புதைப்பார்கள். கட்டி மண்ணோடு சேர்ந்து நனையும், காயும். கட்டிக்குள் ஜிப்சத்தின் சொந்த உப்பே நிறைந்திருப்பதால் வெளி உப்பின் தொல்லை குறைகிறது. வீட்டில் செய்வதற்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். தண்ணீர் ஹோஸ் குழாயை மூன்று சென்டிமீட்டர் நறுக்கி, அதில் கூழாக ஊற்றி, இரண்டு எஃகுக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, இறுகியபின் குழாயைக் கிழித்தெடுக்கலாம். மல்டிமீட்டரால் அளக்கும்போது முதல் சில வினாடிகளில் தெரியும் எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். சொதசொதப்பான ஈரத்தில் இது வேறுபாடு காட்டாது. காயத் தொடங்கும்போதுதான் பேசும். கட்டியும் நாளடைவில் கரைந்துவிடும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

பள்ளியில் ஆர்டுயினோ பழகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மின்தேக்குத்திறன் உணரி வாங்கலாம். நீரின் மின்கடத்தாப் பொருள் மாறிலி ஏறத்தாழ 80; காய்ந்த மண்ணுக்கு அது மூன்று முதல் ஐந்துதான். இந்தப் பெரிய வித்தியாசத்தை அது அளக்கிறது. உலோகம் மண்ணைத் தொடுவதில்லை, ஆதலால் அரிப்பும் இல்லை. அட்டையின் விளிம்புகளில் மட்டும் நகப்பூச்சு இரண்டு கோட் அடித்துவிடுங்கள். வெட்டிய விளிம்பு வழியாகத்தான் நீர் உள்ளே புகும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது எந்த உணரியும் தானாக நீர் ஊற்றப்போவதில்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க இயலாதவர்கள் தொட்டிக்கு மேல்மட்டத்தில் ஒரு வாளி நீரை வைத்து, அதிலிருந்து பருத்தித் திரி ஒன்றை மண்ணுக்குள் விடலாம். கொசு புகாதபடி வாளியை மூடிவிட வேண்டும். கிளம்பும் அன்று இதைச் செய்யாமல், இரண்டு வாரம் முன்னதாக விளக்கு அணைந்த ஒரு நாளில் திரியைப் போட்டுப் பாருங்கள். நான்காம் நாள் மாலை விளக்கு எரிந்தால் ஒரு திரி போதும். எரியாவிட்டால் இன்னொன்று சேர்க்க வேண்டும். தட்டில் நீர் நின்றால் திரி தடிமனாகிவிட்டது என்று பொருள்.