வயலில் விளையாத நெல்

"குற்றாலத்துல மங்குஸ்தான், ரம்புட்டான் மாதிரி பழமெல்லாம் வாங்கினோம்" என்கிறாள் உன் தோழி. நீ மங்குஸ்தானைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது பழம் என்று தெரிந்துவிட்டது, இல்லையா? சொல்லிக்கொடுத்தது யார்? பக்கத்தில் நின்ற 'மாதிரி பழமெல்லாம்' என்ற சொற்கள்தான்!

இதே தந்திரத்தை ஒரு கம்ப்யூட்டருக்கும் பழக்கினார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாம் மிட்செலும் அவர் குழுவும் உருவாக்கிய அந்தப் புரோகிராமின் பெயர் நெல். வயல் நெல் இல்லை. 'ஓயாமல் மொழி கற்பது' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 2010 ஜனவரியில் இணையப் பக்கங்களை வாசிக்க உட்கார்ந்தது, இரவு பகல் பார்க்காமல் வாசித்தது.

இந்த நெல்லுக்கும் விதை தேவைப்பட்டது. நகரம், விளையாட்டு என்று நூற்றுக்கணக்கான வகைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து பெயர்களை மட்டும் முன்கூட்டியே கொடுத்தார்கள். பாரிஸ் ஒரு நகரம் என்று தெரியும் என வைத்துக்கொள். 'பாரிஸ் மேயர்' என்று பல பக்கங்களில் வரும். ஓஹோ, மேயர் இருந்தால் நகரம் போலிருக்கிறது! உடனே வேறு எந்தப் பெயரோடு மேயர் வருகிறார் என்று தேடும். புது நகரம் சிக்கும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வேறென்ன சொற்கள் நிற்கின்றன? அடுத்த துப்பு அங்கே.

வம்பு பேக்கரியில் வந்தது. கேக், ரொட்டி, குக்கீ எல்லாவற்றையும் பேக்கரிப் பண்டங்கள் என்று நெல் சரியாகத்தான் அடுக்கிக்கொண்டிருந்தது. திடீரென 'இன்டர்நெட் குக்கீ'யையும் அதே தட்டில் வைத்துவிட்டது! அது தின்கிற குக்கீ இல்லை. நாம் பார்க்கும் இணையதளம், நம்மை அடுத்த முறை அடையாளம் தெரிந்துகொள்ள நம் கம்ப்யூட்டரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. 'இன்டர்நெட் குக்கீகளை அழித்தேன்' என்று யாரோ எழுதியதை நெல் வாசித்தது. பிறகு 'ஃபைல்களை அழித்தேன்' என்பதையும் வாசித்தது. அப்படியானால் ஃபைலும் பேக்கரியில் சுட்டதுதானே!

பாவம், அது ஒரு குக்கீயையும் கடித்துப் பார்த்ததில்லையே. சொல்லுக்குப் பக்கத்துச் சொல்தான் அதற்குக் கண், மூக்கு, நாக்கு எல்லாம். ஒரு தப்பு உள்ளே நுழைந்தால் அதைப் பிடித்துக்கொண்டே அடுத்த தப்பும் வரும். முதல் ஆறு மாதம் தனியாக விட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், பிறகு அவ்வப்போது உட்கார்ந்து கொஞ்சம் களை எடுத்தார்கள். அந்த அக்டோபருக்குள் நெல் சுமார் 3,90,000 தகவல்களைச் சேர்த்திருந்தது. நூற்றுக்கு 87 சரி என்று கணித்தார்கள்.

நெல் வாசித்தது ஆங்கிலம். தமிழ் வாசிக்கவிட்டால்? 'மாலை வாடியது', 'மாலை மங்கியது'. மாலையை எந்தத் தட்டில் வைக்கும்? அதைக் குழப்ப இன்னும் என்னென்ன சொற்கள் உன்னிடம் இருக்கின்றன?