கடலில் குளிக்க எந்த உடை?

மாலை 6 மணி ஆகி விட்டால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஒரே ஜனக்கூட்டம்! ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள். பெண்கள் சேலைக் கரையைச் சற்றே தூக்கிப் பிடித்துக் கால் நனைக்கிறார்கள். குளிக்க இறங்கினாலும் அதே சேலைதான்.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் பார்க்க வேண்டும். மயிலம் முருகனும் திண்டிவனம் பெருமாளும் தீர்த்தவாரிக்கு வருவார்கள். முழுக்குப் போடும் அத்தனை கூட்டத்தில் நீச்சல் உடையைத் தேடினாலும் கிடைக்காது.

சற்று வடக்கே, முஸ்லிம்கள் நிறைய வாழும் கோட்டக்குப்பத்தை அடுத்துத் தந்திராயன்குப்பம் கடற்கரை. வெளிநாட்டார் அலைச் சறுக்குப் பலகையோடு வருகிறார்கள். மணலில் நீச்சல் உடை இருக்கலாம். தெருவுக்கு ஏறும்போது மேலே ஒரு துணியைப் போர்த்திக் கொள்வதே மரியாதை.

மாலத்தீவில்...

இப்போது தமிழ்க் குடும்பங்கள் விமானம் ஏறி மாலத்தீவுக்கும் போகின்றன. அது முஸ்லிம் நாடு. 1972-இல் அங்கே முதல் உல்லாச விடுதி திறந்தது. விடுதிக்கென்றே உள்ள தீவுகளில் உடைக் கட்டுப்பாடு அதிகம் இல்லை. ஊர் மக்கள் வாழும் தீவுகளில் அப்படி அல்ல. வெளிநாட்டாருக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கி, மறைப்புக் கட்டியிருப்பார்கள். மற்ற இடங்களில் தோளும் தொடையும் மறைய வேண்டும். ஊர்ப் பெண்கள் முழு உடையோடுதான் நீரில் இறங்குவார்கள்.

மது பாட்டில் கொண்டு போனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக் கொள்வார்கள். புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க!

பிரான்சில் வேறு கதை

புதுச்சேரியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சில் நடந்ததோ நேர் எதிர். முஸ்லிம் பெண்களுக்காக ஆஸ்திரேலியாவில் 2004-இல் அஹேதா சனெட்டி என்ற பெண்மணி உருவாக்கிய உடை ‘புர்கினி’. உடம்பு முழுவதையும் மூடும். 2016-இல் பிரான்சின் பல கடற்கரை ஊர்கள் அதற்குத் தடை போட்டன. ஆகஸ்டு 26 அன்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் ஓர் ஊரின் தடையை நிறுத்தி வைத்தது. ஓரிடத்தில் உடை குறைந்தால் குற்றம்; இன்னோரிடத்தில் கூடினால் குற்றம்!

உயிர் முக்கியம்

சேலை மானம் காக்கும். ஆனால் நனைந்தால் காலைச் சுற்றும், கனக்கும். சேலையோடு முழங்காலுக்கு மேல் போவது ஆபத்து. உடம்போடு ஒட்டிய முழு நீச்சல் உடை மானத்தையும் காக்கும், உயிரையும் காக்கும்.

புதுச்சேரிக் கடல் இழுவை உள்ளது. பாறாங்கற்கள் கொட்டிய பகுதியில் இறங்கவே கூடாது. அலை உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள்.