தாளம் தப்பும் இதயத்துக்கு மீன் எண்ணெய் மாத்திரை உதவுமா?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் துடிப்பு ஒன்று முந்துகிறது, அடுத்தது பிந்துகிறது. ஈசிஜி எடுத்துப் பார்த்த மருத்துவர் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார். அன்று இரவே வீட்டில் யாராவது கைபேசியில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். மக்னீசியம் குறைந்தால் இப்படி வருமாம். மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லதாம். டாரின் என்று ஒன்று இருக்கிறதாம். மறுநாள் சாப்பாட்டு மேசையில் மூன்று டப்பாக்கள்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம். இதயத்தின் மேலறைகள் சுருங்குவதற்கான மின்தூண்டல் ஓரிடத்திலிருந்து கிளம்ப வேண்டும். இந்த நோயில் அது பல இடங்களில் தாறுமாறாகச் சுழல்கிறது. நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட தூண்டல்கள் வந்தால் மேலறையால் சுருங்க முடியாது, வெறுமனே நடுங்கும். படபடப்பு ஒரு தொல்லை என்றால், அதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாதது. இடது மேலறையின் பைபோன்ற ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்கு என்பது கணக்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவது இதனால்தான்.

இன்னொரு குணமும் இந்நோய்க்கு உண்டு. பலருக்கு ஆரம்பத்தில் அது வந்து, சில மணி நேரத்திலோ சில நாளிலோ தானாகவே போய்விடும். படபடப்பு வந்த அன்று எதை விழுங்கினாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். டாரின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களுக்கு இணையத்தில் இருக்கும் புகழ் பெரும்பாலும் இந்த வகைதான். 2006-இல் வெளியான ஒரு கட்டுரை இவற்றால் துடிப்புக் கோளாறு மறைந்ததாகச் சொன்னது. அதன் ஆதாரம் மூன்று பேரின் அனுபவம். மாத்திரை சாப்பிடாத ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை அதை நான் ஆதாரம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மீன் எண்ணெயின் கதை அப்படியல்ல. அதை ஆயிரக்கணக்கானோரிடம் ஒப்பிட்டே சோதித்திருக்கிறார்கள். 1970-களில் கிரீன்லாந்தின் இனுயிட் மக்களை ஆராய்ந்த டென்மார்க் மருத்துவர்கள் பாங், டயர்பெர்க் இருவரும் கடலுணவின் ஒமேகா-3 கொழுப்பு மீது கவனத்தைத் திருப்பினார்கள். 1999-இல் இத்தாலியில் மாரடைப்பு கண்ட சுமார் 11,000 பேரிடம் நடந்த ஜிஸ்ஸி ஆய்வில், தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களிடையே திடீர் மரணங்கள் குறைந்தன. இதயச் செல்களின் மின்னோட்டத்தை அது நிதானப்படுத்துகிறது என்று நம்பினார்கள். அப்படியானால் மேலறை நடுக்கத்தையும் அடக்க வேண்டுமே?

அடக்கவில்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் பலருக்கு இந்த நடுக்கம் வரும் என்பதால், 2012-இல் வெளியான ஓபரா ஆய்வு 1,516 நோயாளிகளிடம் மீன் எண்ணெயைச் சோதித்தது. எடுத்தவர்களில் 30.0 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 30.7 சதவீதத்தினருக்கும் நடுக்கம் வந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் திருப்பம். ரெட்யூஸ்-இட் ஆய்வில் 8,179 பேர் பங்கேற்றார்கள்; ஒரு பாதிக்குத் தினம் 4 கிராம் சுத்திகரித்த ஒமேகா-3. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 25 சதவீதம் குறைந்தன. ஆனால் மேலறைத் துடிப்புக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 2.1 சதவீதத்திலிருந்து 3.1 ஆகக் கூடினார்கள். ஸ்ட்ரெங்த் ஆய்விலும் இதே போக்கு. 2021-இல் ஏழு ஆய்வுகளின் 81,210 பேரைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, தினம் 1 கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 49 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்: நடைமுறையில் அது சில ஆண்டுகளில் நூற்றுக்கு ஒருவர் கூடுதல் என்ற அளவுதான். இருந்தாலும் நோயைத் தணிக்க வாங்கிய மாத்திரை அதற்கே தூபம் போடுகிறது. 2023-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒமேகா-3 மருந்துகளின் பக்கவிளைவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

இங்கே ஒரு கணக்கு. டப்பாவின் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று இருப்பது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். பின்பக்கத்தைப் படித்தால்தான் எவ்வளவு எடுக்கிறோம் என்று தெரியும். சோதிக்கப்பட்டதெல்லாம் மாத்திரைகளே; மத்திமீன் குழம்பை யாரும் குறைசொல்லவில்லை.

வைட்டமின் டி? 25,119 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் பார்த்தார்கள், பலனில்லை. மக்னீசியத்தை அவசர சிகிச்சைப் பிரிவில் நரம்பு வழியாக ஏற்றுவது வேகத்தைக் குறைக்க உதவுகிறது. அதை வைத்து மாத்திரையும் அப்படியே செய்யும் என்று சொல்லிவிட முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மக்னீசியம், பொட்டாசியம் இரண்டுமே உடலில் தேங்கி ஆபத்தாகும்.

பலனில்லாமல் போவதோடு விஷயம் முடிவதில்லை என்பதுதான் என் கவலை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே கலந்த சத்து மாத்திரை மருந்தின் வேலையைக் கெடுக்கும். மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள் சாறு மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம். முடி உதிர்வுக்கென விற்கும் பயோட்டின் மாத்திரையின் குறும்பு இன்னும் விசித்திரம். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனையே பிசகி, தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகக் காட்டக்கூடும். தைராய்டு மிகைச் சுரப்பு மேலறை நடுக்கத்துக்கு முக்கியக் காரணம் என்பதால், மருத்துவர் இல்லாத காரணத்தைத் துரத்த நேரிடும்.

சேர்ப்பதைவிடக் குறைப்பதற்குத்தான் ஆதாரம் அதிகம். 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மதுவை விட்டவர்களில் 53 சதவீதத்தினருக்கும் தொடர்ந்து குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கும் நடுக்கம் திரும்ப வந்தது. அடிலெய்டில் நடந்த ஆய்வில் உடல் பருமனானவர்கள் பத்து சதவீத எடையைக் குறைத்து அதைக் காப்பாற்றியபோது பலருக்கு நோய் கட்டுக்குள் வந்தது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், முடி மாத்திரை உட்பட. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.