ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தாமிரபரணி சுத்தமாகிவிடுமா?

திருநெல்வேலியில் ஆற்றைச் சுத்தம் செய்யும் முகாம்களுக்குக் குறைவில்லை. ஒரு வாரம் கல்லூரி மாணவர்கள், இன்னொரு வாரம் வங்கி ஊழியர்கள், அடுத்து ஒரு நற்பணி மன்றம். காலை ஆறு மணிக்குக் கூடி, கையுறை மாட்டி, சாக்கு சாக்காக அள்ளி, பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். மறு மாதம் அதே படித்துறையில் அதே குப்பை. ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பவர்களும் உண்டு. ‘இவ்வளவாவது நடக்கிறதே’ என்பவர்களும் உண்டு. யார் சொல்வது சரி? ஆற்றில் சேரும் அழுக்கில் எது கைக்கு அகப்படும், எது அகப்படாது என்று பிரித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

எவ்வளவு மாசு?

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. தமிழக எல்லைக்குள்ளேயே பிறந்து, இங்கேயே கடல் சேரும் வற்றாத நதி. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இதன் குறுக்கே இருக்கின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலுக்கும் வீட்டுக் குழாய்க்கும் இதுதான் ஆதாரம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஆறில் ஒன்று, பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையிலான தாமிரபரணி. நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே இதற்கு அளவுகோல். லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அது குளிக்கத் தகுந்த நீர் அல்ல.

கைக்கு அகப்படுவது: துணி

இந்த ஆற்றுக்கே உரிய பிரச்சினை துணி. பாபநாசத்தில் பரிகாரக் குளியல் முடித்தவர்கள், உடுத்தியிருந்த உடையை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். பாவம் போய்விடும் என்பது நம்பிக்கை. துணி மட்டும் போவதில்லை. பருத்திச் சேலை என்றால் நாளடைவில் மக்கிவிடும். இன்று வாங்குவதில் பெரும்பகுதி பாலியஸ்டர். அது பாறை இடுக்கில் சிக்கி, மணலைச் சுமந்து, அடுத்து வரும் வேட்டியையும் சட்டையையும் பிடித்து வைத்துக்கொண்டு முறுக்கேறிய வடம்போல் கிடக்கும். தலைப்பு ஒன்று நீருக்கு மேலே தெரிகிறதே என்று இழுத்தால் வராது. இரண்டு மூன்று பேர் இடுப்பளவு நீரில் இறங்கி, காலால் மணலைக் கிளறித் தளர்த்திவிட்டுத்தான் உருவ வேண்டும். குளிப்பவர் காலில் சுற்றுவதும் மீன்கள் சிக்குவதும் இந்தத் துணியில்தான். இந்த வேலையைச் செய்ய மனிதக் கை வேண்டும். பாறைக்கும் படிக்கும் நடுவே பொக்லைன் நுழையாது. தன்னார்வலர்கள் ஆற்றுக்குச் செய்யும் நேரடி உதவி இதுதான்.

கைக்கு அகப்படாதது: சாக்கடை

மேலே சொன்ன 3 மில்லிகிராம் அளவைத் தாண்ட வைப்பது பெரும்பாலும் துணியோ பாட்டிலோ அல்ல. கரையோர ஊர்களிலிருந்து சுத்திகரிக்காமல் வந்து சேரும் கழிவுநீர்தான். அதை எந்தச் சாக்கிலும் அள்ள முடியாது. பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் முழுமையாக இயங்கினால்தான் அது நிற்கும்.

ஆற்றில் படரும் அமலைச் செடி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கையால் பிடுங்கலாம். ஆனால் அதற்கு உரம் கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும். உரம் வந்துகொண்டிருக்கும் வரை, பிடுங்கிய இடத்தில் சில வாரங்களில் மறுபடி பச்சைப் பாய் விரிந்துவிடும். பிடுங்கியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், வெள்ளம் வந்து திரும்ப ஆற்றுக்கே கொண்டுபோகும்.

சாக்கடை விஷயத்தில் அசைவு வந்தது நீதிமன்றத்தின் வழியாக. கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவும், கரையோர மண்டபங்களைச் சீரமைக்கவும் கோரி எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி. புகழேந்தியும் 2024 நவம்பரில் நெல்லைக்கு நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டார்கள்.

எண்ணினால் என்ன ஆகும்?

அப்படியானால் முகாம் நடத்துபவர்கள் துணியை மட்டும் எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானா? இல்லை. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கிய துப்புரவு முகாமில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது. பொறுக்கிய ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்தார்கள்: இத்தனை பாட்டில், இத்தனை மூடி, இத்தனை சிகரெட் துண்டு. இன்று ஆண்டுதோறும் செப்டம்பரில் பல நாடுகளில் நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள் இப்படி வளர்ந்ததுதான். குப்பையை எடுத்தால் ஒரு நாளைக்குக் கரை சுத்தமாகும். எண்ணி எழுதினால், அது எங்கிருந்து வருகிறது, எதைத் தடுக்க வேண்டும் என்று கேட்க ஆதாரம் கிடைக்கும்.

நெல்லைக்கு இது புதிதல்ல. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. மாணவர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் பைனாகுலரோடு குளம் குளமாகப் போகிறார்கள். எந்தக் குளத்தில் பறவை குறைந்தது, எதில் கூடியது என்று கேட்டால், நெல்லையில் நினைவை நம்பிப் பேச வேண்டியதில்லை. கையில் கணக்கு இருக்கிறது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலின் ஆடி அமாவாசை விழா இன்னொரு பாடம். லட்சக்கணக்கானோர் காட்டாற்றின் கரையில் கூடும் விழா அது. முடிந்த பிறகு பொறுக்குவதைவிட, மலையேறும் முன்பே சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துவிடுவது எளிது.

போகலாமா, வேண்டாமா?

கட்டாயம் போகலாம். போகும் முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அள்ளிய குப்பையை அன்றைக்கே எடுத்துப்போக உள்ளாட்சி வண்டி வருகிறதா? என்னென்ன, எத்தனை என்று யாராவது எழுதுகிறார்களா? அந்தக் கணக்கும், ஆற்றில் சாக்கடை விழும் இடத்தின் படமும் நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனுவாகப் போகுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த முகாமால் ஆற்றுக்கு லாபம். கூடவே கனமான கையுறையும் பழைய ஷூவும் கொண்டுபோங்கள். படித்துறைகளில் உடைந்த மதுபாட்டில் அதிகம். பாபநாசத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் ஒன்று செய்தால் போதும்: கழற்றிய துணியை ஆற்றில் விடாமல் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.