மங்குக்கு ஒரு ட்யூப்

கோவிலூரிலிருந்து காரைக்குடி கடைவீதிக்குப் போய் மருந்துக்கடையில் முகத்தில் படரும் கறுப்புத் திட்டைக் காட்டி ‘மங்குக்கு ஒரு க்ரீம் குடுங்க’ என்று கேட்டால், டாக்டர் சீட்டு இல்லாமலே ஒரு சின்ன ட்யூப் கைக்கு வரலாம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இதுதான் நிலைமை. அதற்குள் மூன்று மருந்துகள். நிறமி உருவாவதைத் தடுக்க ஹைட்ரோகுவினோன், மேல்தோல் சீக்கிரம் உதிர்ந்து புதிதாக வளர ட்ரெட்டினோயின், இவை இரண்டும் கிளப்பும் எரிச்சலை அடக்க மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் வெளியிட்ட கலவையின் வாரிசு இது. மருந்தைக் குறை சொல்ல முடியாது, வேலை செய்கிறது. வேலை செய்வதுதான் வினையே. சில வாரங்களில் முகம் தெளிகிறது. தெளிந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் அதையே வாங்குகிறார்கள், மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிகிறது, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிகிறது, பருவும் பூனைமுடியும் வருகின்றன. நிறுத்தினால் எரிச்சலோடு கறுப்பும் திரும்புகிறது, அதற்குப் பயந்து மறுபடி அதே ட்யூப். இப்படிக் கெட்ட முகங்களை ஏராளமாகப் பார்த்துவிட்ட இந்தியத் தோல் மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் சேதமான முகம்’ என்று அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

டாக்டர்களே இதை எழுதித்தருகிறார்களே என்பார்கள். எழுதுகிறார்கள், இரண்டு மாதம்போலக் கெடு வைத்து, நடுவில் முகத்தைப் பார்த்து. கடையில் வாங்கும்போது அந்தக் கெடுதான் இல்லாமல் போகிறது. 2018-ல் மத்திய அரசு தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, ட்யூப் கல்லாப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே வாங்குபவர்தான் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால், டாக்டர் சொல்லாமல் முகத்துக்கு ஆகாது.

செட்டிநாட்டுக்கு இன்னொரு வழியிலும் க்ரீம் வருகிறது: வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர் திரும்புபவர்களின் பெட்டியில். பர்மாத் தேக்கு வந்த ஊரல்லவா, வெளிநாட்டுச் சரக்கென்றால் தனி மதிப்பு. உள்ளே என்ன என்றே அச்சிடாத டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும். இந்திய விதிப்படி முகப்பூச்சில் அது கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதுவும் தவறிக் கலந்ததாக மட்டுமே. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அதன் அரிய வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? அசெலாயிக் அமிலம், நயாசினமைடு இரண்டும் சாது. அசெலாயிக் அமிலத்தைக் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுப் பூசலாம். மங்கு பலருக்கு அந்தச் சமயத்தில்தானே வருகிறது! ஆனால் பலன் தெரிய நாலைந்து மாதம் ஆகும். அதோடு வெயிலைத் தடுக்காவிட்டால் எந்த க்ரீமும் வீண். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு ஒரு கிராமாவது சன்ஸ்கிரீன் வேண்டும்; தினம் இருவேளை என்றால் ஐம்பது கிராம் ட்யூப் ஒரு மாதம்கூட வராது. நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. குடையும் தலையில் போட்ட துண்டும் அவருக்குப் பாதி வேலையைச் செய்யும். பலகார அடுப்பின் சூட்டிலும் மங்கு கூடும், அடுப்படியில் நிற்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

ஜாதிக்காய் உரசிப் பூசுவதில் பெரிய கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் இறங்கினால் மட்டும் தோல் வெந்து புதுக் கறுப்பே விழும். மங்கை அப்படியே விட்டால்தான் என்ன என்பாரும் உண்டு. விட்டால் உடம்புக்கு ஒன்றுமில்லை, உண்மைதான்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ட்யூப் பூசி வருபவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், முகம் கொந்தளிக்கும். தோல் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்கள். போகும்போது காலி ட்யூபையும் கையோடு கொண்டுபோகலாம். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம் என்பது அதில்தான் அச்சிட்டிருக்கிறது.